சுவருக்குள்ளிருந்து வரும் சத்தம்: எட்கர் ஆலன் போவின் கோதிக் உலகம்

போலீஸ்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். நிலவறையைத் திரும்பத் திரும்பச் சல்லடை போட்டுத் தேடியும் எதுவும் அகப்படவில்லை, படியேறிக்கொண்டிருக்கிறார்கள். கொலை செய்தவன் இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பான். அவனோ அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, இந்த வீடு எவ்வளவு கெட்டியாகக் கட்டியது தெரியுமா என்று பெருமையடித்துக்கொண்டே கைத்தடியால் சுவரில் ஓங்கித் தட்டுகிறான். மனைவியின் பிணத்தை உள்ளே நிற்க வைத்துப் பூசிய அதே சுவர். உள்ளேயிருந்து பதில் வருகிறது. முதலில் குழந்தை விம்முவது போல, அப்புறம் நீண்ட ஊளையாக. பிணத்தோடு பூனையையும் சேர்த்துப் பூசியிருக்கிறான்; அது அவனுக்கே தெரியாது.

1843-இல் வந்த ‘கறுப்புப் பூனை’ கதை இப்படி முடிகிறது. முதல் தடவை படிக்கும்போது பூனைதான் பயமுறுத்தும். இரண்டாம் தடவை படித்தால் அந்தக் கைத்தடி. அவனைத் தட்டச் சொன்னது யார்?

இதை எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கதைகளையும் கவிதைகளையும் வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் இதே சங்கதி வெவ்வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கும். எதையோ ஒன்றைச் சுவருக்குள், தரைப்பலகைக்கு அடியில், கல்லறைக்குள், இரும்புக் கதவுக்குப் பின்னால் மூடுகிறார்கள். மூடியது மூடியபடி கிடப்பதில்லை. பல சமயம் மூடியவனே போய்த் திறந்தும் விடுகிறான். (தமிழில் இவர் பெயரை எழுதும்போதெல்லாம் யாரையோ விரட்டுவது போலத்தான் இருக்கிறது. என்ன செய்வது.)

கோதிக் என்ற திகில் கதை வகையைப் போ கண்டுபிடிக்கவில்லை. அவர் பிறப்பதற்கு 45 வருஷம் முன்பே, 1764-இல், இங்கிலாந்தில் ஹொரஸ் வால்போல் ‘ஒட்ரான்டோ கோட்டை’ என்ற நாவலை எழுதியிருந்தார். கல்யாண நாளன்று மாப்பிள்ளையின் தலையில் ராட்சத இரும்புக் கவசத் தொப்பி ஒன்று விழுந்து அவன் நசுங்கிச் சாவதில் கதை தொடங்கும். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் ‘ஒரு கோதிக் கதை’ என்று துணைத்தலைப்பு சேர்த்தார்; வகைக்கே பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நூற்றாண்டின் கடைசியில் ஆன் ராட்கிளிஃப் இதைப் பெரிய சந்தையாக்கினார். பாழடைந்த கோட்டை, ரகசிய வழி, கொடுங்கோல் பிரபு, அடைபட்ட பெண், முன்னோர் செய்த பாவம், அணையப்போகும் விளக்கு என்று சாமான்கள் எல்லாம் அப்போதே தயார். போ எழுத வந்தபோது எடின்பரோவின் ‘பிளாக்வுட்ஸ்’ போன்ற பத்திரிகைகள் இதையே சின்னக் கதைகளாக்கி, சாவின் விளிம்பில் ஒருவனுக்கு என்னென்ன தோன்றும் என்று மாதாமாதம் அச்சடித்துக்கொண்டிருந்தன.

அமெரிக்காவிலோ கோட்டை கிடையாது. பிரபு கிடையாது. நாடே அறுபது வருஷப் பழசு. அதனால்தான் போவின் கதைகளைப் பார்த்த விமர்சகர்கள் ‘இது ஜெர்மன் சரக்கு’ என்றார்கள். 1840 என்று ஆண்டு போட்டு வெளிவந்த தன் முதல் கதைத் தொகுப்பின் முன்னுரையில் போ அதற்குப் பதில் சொன்னார்: என் கதைகளில் இருக்கும் திகில் ஜெர்மனியைச் சேர்ந்ததல்ல, ஆன்மாவைச் சேர்ந்தது. அந்தத் தொகுப்புக்குப் பதிப்பாளர் அவருக்குப் பணம் எதுவும் தரவில்லை, சில பிரதிகளைத் தந்ததோடு சரி. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் கோதிக் வீடு மாறிவிட்டது. கோட்டையை இத்தாலி மலையிலிருந்து பெயர்த்து மனிதனின் மண்டைக்குள் கொண்டுவந்து வைத்தார் போ.

சும்மா உவமைக்காக இதைச் சொல்லவில்லை. 1839-இல் வந்த ‘அஷர் வீட்டின் வீழ்ச்சி’ கதையைப் பாருங்கள். இலையுதிர்காலத்தில், மேகம் கவிந்த ஒரு மாலை, பெயர் சொல்லாத ஒருவன் குதிரையில் வந்து அந்த வீட்டைப் பார்க்கிறான். ஜன்னல்கள் வெறித்த கண்களைப் போல இருக்கின்றன. கூரை விளிம்பிலிருந்து பூஞ்சை வலைப்பின்னலாகத் தொங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரன் ரோடரிக் அஷரைச் சந்திக்கும்போது அவன் தலைமுடியை வர்ணிக்க வருகிற சொல்லும் அதே வலைதான். அந்த வட்டாரத்துக் குடியானவர்களுக்கு ‘அஷர் வீடு’ என்றால் கட்டடமும் அதுதான், குடும்பமும் அதுதான் என்று கதையே சொல்லிவிடுகிறது. தமிழில் இதை விளக்கவே வேண்டாம். ‘அந்த வீடே சரியில்லை’ என்றால் நாம் சுவரைச் சொல்கிறோமா ஆட்களைச் சொல்கிறோமா?

போதாக்குறைக்குக் கதையின் நடுவே ரோடரிக் ஒரு பாட்டுப் பாடுகிறான். ‘பேய் பிடித்த அரண்மனை’ என்று போ முன்பே தனியாக வெளியிட்ட கவிதை அது. சிந்தனை என்ற அரசன் ஆளும் அரண்மனை, ஒளி வீசும் இரண்டு ஜன்னல்கள், முத்தும் மாணிக்கமும் பதித்த வாசல், கூரையில் பறக்கும் மஞ்சள் கொடிகள். கண், வாய், முடி என்று வரிசையாகப் பொருத்திப் பார்த்தால் அது ஒரு முகம். கடைசிப் பகுதியில் அதே ஜன்னல்கள் சிவந்து எரிகின்றன. வாசல் வழியே ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டே வெளியே ஓடுகிறது, ஆனால் அதற்குப் புன்னகைக்கத் தெரியாது. புத்தி பேதலித்த ஒருவனின் தலையை வெளியிலிருந்து இவ்வளவு துல்லியமாக யாரும் வரைந்து நான் படித்ததில்லை.

ரோடரிக்கின் இரட்டைச் சகோதரி மேடலின். உடல் விறைத்து, செத்தது போல் கிடக்கச் செய்யும் நோய் அவளுக்கு. இறந்துவிட்டாள் என்று நினைத்து, செம்புத் தகடு அடித்த நிலவறையில் பெட்டியோடு வைத்து இரும்புக் கதவைச் சாத்துகிறார்கள். அந்த அறை விருந்தாளி படுக்கும் அறைக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு வாரம் போகிறது. புயல் அடிக்கும் ஓர் இரவில் கதைசொல்லி, நண்பனைத் தேற்றுவதற்காக ஏதோ பழைய வீரகதையைப் படித்துக் காட்டுகிறான். கதையில் கதவு உடைகிறது. கீழே எங்கோ மரம் பிளக்கும் சத்தம். கதையில் டிராகன் அலறுகிறது. கீழே ஓர் அலறல். கதையில் கேடயம் விழுகிறது. கீழே உலோகம் மோதும் ஓசை. அப்போது ரோடரிக் சொல்வதுதான் கதையிலேயே பயங்கரமான விஷயம். அவனுக்கு இது பல நாட்களாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது. சொல்லத் துணிவில்லை, அவ்வளவுதான்.

உயிரோடு புதைக்கப்படும் பயம் போவின் மனக்கோளாறு மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சாவை உறுதி செய்யச் சரியான வழி அப்போது மருத்துவர்களிடமே இல்லை. மயக்கத்தில் கிடந்தவரைப் புதைத்துவிட்டார்கள் என்ற செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தன. உள்ளே இருப்பவர் அசைந்தால் தானே மூடி திறக்கும் சவப்பெட்டிக்கு 1843-இல் பால்டிமோரில் ஒருவர் காப்புரிமையே வாங்கினார். அடுத்த வருஷம் போ இந்தப் பயத்தையே தலைப்பாக வைத்து ஒரு கதை எழுதினார். அதன் நாயகன் கல்லறைக்குள் ஏகப்பட்ட ஏற்பாடுகள் செய்து வைத்துக்கொள்கிறான். ஒரு நாள் இருட்டில், குறுகலான மரச்சுவர்களுக்கு நடுவே கண் விழித்து அலறுகிறான். பார்த்தால் அது ஒரு சின்னப் படகின் படுக்கை. பக்கத்தில் இருந்தவர்கள் என்னப்பா சத்தம் என்று உலுக்குகிறார்கள். போ சிரிப்பார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

வாழ்க்கைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1809 ஜனவரி 19 அன்று பாஸ்டனில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் நாடக நடிகர்கள். அப்பா குடும்பத்தை விட்டுப் போனார். அம்மா 1811-இல் ரிச்மண்ட் நகரில் 24 வயதில் காசநோயில் இறந்தார். ஜான் ஆலன் என்ற வியாபாரி எடுத்து வளர்த்தார், ‘ஆலன்’ அங்கிருந்து வந்தது, பணம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் சூதாட்டக் கடன், ராணுவம், ராணுவக் கல்லூரியிலிருந்து வெளியேற்றம், பத்திரிகை பத்திரிகையாக வேலை. 1836-இல் கல்யாணம். மாமன் மகளா அத்தை மகளா என்று நம்மூரில் கேட்பார்கள். அத்தை மகள், பெயர் வர்ஜீனியா. அவளுக்கு வயது 13, அவருக்கு 27. 1842 ஜனவரியில் பாடிக்கொண்டிருந்தபோது அவள் தொண்டையிலிருந்து ரத்தம் வந்தது. ஐந்து வருஷம் தேறுவதும் விழுவதுமாக இருந்து 1847 ஜனவரியில் இறந்தாள். அவளுக்கும் 24 வயது.

ரத்தம் வந்த சில மாதங்களில், அதே 1842 மே மாதம், ‘செஞ்சாவின் முகமூடி’ அச்சாகிறது. நாடெங்கும் கொள்ளைநோய். முகத்தில் ரத்தம் கசிந்து அரை மணி நேரத்தில் ஆள் காலி. இளவரசன் பிராஸ்பரோ ஆயிரம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு மடத்துக்குள் புகுந்து, இரும்புக் கதவுகளின் தாழ்ப்பாள்களை உலை வைத்து உருக்கி ஒட்டிவிடுகிறான். உள்ளே ஏழு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நீலத்தில் தொடங்கி மேற்கே கறுப்பு அறையில் முடியும், அங்கே ஜன்னல் கண்ணாடி மட்டும் ரத்தச் சிவப்பு. கருங்காலிக் கடிகாரம் மணி அடிக்கும்போதெல்லாம் ஆட்டம் நின்று, ஓய்ந்ததும் மறுபடி தொடங்கும். நள்ளிரவில் கூட்டத்துக்குள் புதிதாக ஒரு முகமூடி. எப்படி உள்ளே வந்தது? கதை சொல்லவில்லை. திருடனைப் போல வந்தது என்பதோடு சரி. 2020-இல் ஊரடங்கின்போது இந்தக் கதையை மறுபடி எடுத்துப் படித்தவர்களில் நானும் ஒருவன். இங்கேயும் கதவு மூடியது. வெளியே நிறுத்த வேண்டியது உள்ளேயே இருந்தது.

ஆனால் மனைவியின் நோயை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். புதைத்த பெண்ணின் பற்களைத் தன்னையறியாமல் பிடுங்கி வந்தவனைப் பற்றிய ‘பெரனீஸ்’ 1835-இலேயே வந்துவிட்டது. செத்த முதல் மனைவி இரண்டாம் மனைவியின் உடலில் எழுந்து வரும் ‘லைஜீயா’ 1838. இரண்டுமே வர்ஜீனியா ஆரோக்கியமாக இருந்த காலம். ‘பெரனீஸ்’ படித்து வாசகர்கள் முகம் சுளித்தபோது, பத்திரிகை முதலாளிக்குப் போ எழுதிய கடிதம் இருக்கிறது. ரசனை கெட்டதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேடிக்கையைக் கோரமாக உயர்த்துவதும் பயத்தைப் பயங்கரமாக்குவதும்தான் பத்திரிகையை விற்கும் என்கிறார். துக்கமும் இருந்தது, கணக்கும் இருந்தது.

கணக்கு பற்றிப் பேசினால் ‘அண்டங்காக்கை’ கவிதைக்கு வரவேண்டும். 1845 ஜனவரி 29 அன்று நியூயார்க் பத்திரிகையில் வந்து ஊரெல்லாம் அவரைப் பிரபலமாக்கிய 108 வரிகள். டிசம்பர் மாத நள்ளிரவு. இறந்த லெனோரை மறக்கப் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறான் ஒருவன். கதவில் தட்டும் சத்தம். திறந்தால் இருட்டு மட்டும். அந்த இருட்டைப் பார்த்து ‘லெனோர்?’ என்று கிசுகிசுக்கிறான். எதிரொலி மட்டும் திரும்புகிறது. ஜன்னலைத் திறக்கிறான், காக்கை நடந்து உள்ளே வந்து, கதவுக்கு மேலே இருக்கும் அறிவுத் தெய்வமான பாலஸின் சிலைத் தலையில் உட்காருகிறது. அதற்குத் தெரிந்தது ஒரே வார்த்தை: ‘நெவர்மோர்’, இனி ஒருபோதும் இல்லை.

யாரோ துரதிர்ஷ்டசாலி எஜமானனிடம் பறவை கற்றுக்கொண்ட வார்த்தை அது என்று அவனுக்கே புரிகிறது. பதில் மாறாது என்று தெரிந்துகொண்டுதான் கேள்விகளை ஒவ்வொன்றாக வலி கூடும்படி அமைக்கிறான். என் துக்கத்துக்கு மருந்து உண்டா? சொர்க்கத்தில் அவளைத் தழுவுவேனா? சுவரைத் தட்டிய அந்தக் கைத்தடியேதான் இது. தனக்குக் கேடு என்று தெரிந்தே, தெரிந்ததாலேயே, ஒன்றைச் செய்யும் இந்தக் குணத்துக்குப் போ ‘பெர்வெர்ஸ்னெஸ்’ என்று பெயர் வைத்திருந்தார். மனிதனின் அடிப்படை உந்துதல்களில் அதுவும் ஒன்று என்று ‘கறுப்புப் பூனை’யிலேயே வாதாடுகிறார், 1845-இல் அதற்கென்றே ஒரு கதையும் எழுதினார். வக்கிரம் என்று மொழிபெயர்த்தால் கொஞ்சம் தப்பாகிவிடும். வீம்பு என்பது பக்கத்தில் வருகிறது.

மறு வருஷம் வந்த ‘படைப்பின் தத்துவம்’ கட்டுரையில், இந்தக் கவிதையைக் கணிதம் போல எழுதினேன் என்று போ விவரிக்கிறார். ஒரே மூச்சில் படிக்க நூறு வரி போதும். துயரத்தின் தொனி வேண்டும். ஒரு பல்லவி வேண்டும், அதில் நீண்டு ஒலிக்கும் ‘ஓ’வும் ‘ர்’ரும் வேண்டும். அர்த்தமில்லாமல் அதைத் திரும்பச் சொல்ல மனிதனல்லாத ஒரு பேசும் பிராணி வேண்டும். முதலில் கிளி என்று நினைத்தாராம். கிளியை உட்கார வைத்து ஒரு தடவை அந்தக் கவிதையை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். கட்டுரை சொல்வதை அப்படியே நம்ப முடியவில்லை. எழுதி முடித்தபின் ஜோடித்த கதை போலத்தான் தெரிகிறது. ஆனாலும் விளைவு ஒன்றை முதலில் தீர்மானித்து ஒவ்வொரு சொல்லையும் அதற்கு வேலை செய்ய வைக்க வேண்டும் என்பது அவருடைய உண்மையான கொள்கை. 1842-இல் சக அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்ன் கதைகளை மதிப்பிட்டபோதே இதைச் சொன்னார். இன்று சிறுகதை வகுப்பு எடுக்கும் யாரும் தெரிந்தோ தெரியாமலோ அதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

போவைத் தமிழில் கொண்டுவருவதன் கஷ்டமும் இங்கேதான் இருக்கிறது. நம் செவி எதுகைக்குப் பழகியது: அடியின் இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். போ காதைப் பிடிப்பது இயைபால். அடியின் முடிவில் மட்டுமல்ல, அடியின் நடுவிலும் ‘டிரியரி’ – ‘வியரி’, ‘நாப்பிங்’ – ‘டாப்பிங்’ – ‘ராப்பிங்’ என்று தட்டல் சத்தமே யாப்பாகிவிடுகிறது. மோனை ஒன்றுதான் இரு பக்கமும் பொது. ‘நெவர்மோர்’ என்ற ஒற்றைச் சொல்லின் முழக்கத்துக்கு ‘இனி இல்லை’ என்பது பொருளைத் தரும், கதவு சாத்தும் ஒலியைத் தராது.

கட்டுரையில் இன்னொரு வரியும் உண்டு. அழகிய பெண்ணின் மரணமே உலகில் மிகக் கவித்துவமான பொருள் என்கிறார். இதைப் படித்து எரிச்சல்படும் வாசகிகளோடு நான் சேர்ந்துகொள்கிறேன். லெனோர், அனபெல் லீ, உலலூம் என்று இனிமையான பெயர்கள். அவர்கள் வாய் திறந்து பேசி நாம் கேட்பதில்லை. கண், கூந்தல், பல் என்று துண்டு துண்டாகத்தான் பெண்கள் வருகிறார்கள். படிப்பிலும் மனவுறுதியிலும் கணவனை மிஞ்சிய லைஜீயா மட்டும் விதிவிலக்கு, அவளுக்கும் பிணமாகத்தான் பெரிய காட்சி. அதே சமயம், மூடிய பெட்டியிலிருந்து நகம் கிழியப் போராடி எழுந்து வருவதும் இந்தப் பெண்கள்தான். மேடலின் எழுந்து வந்து அண்ணன் மேல் விழுந்த பிறகு அந்த வீடே நிற்கவில்லை.

கவிதைகளில் திசை மாறுகிறது. ‘உலலூம்’ 1847 டிசம்பரில், மனைவி போன அதே வருஷக் கடைசியில் வந்தது. அக்டோபர் இரவில் தன் ஆன்மாவோடு பேசிக்கொண்டே நடக்கிறவன் ஒரு கல்லறைக் கதவில் முட்டிக்கொள்கிறான். போன வருஷம் இதே இரவில் அவளைச் சுமந்துகொண்டு வந்தது இங்கேதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. மறதியும் ஒரு மூடிய கதவு. போ இறந்த இரண்டாம் நாள் அச்சான ‘அனபெல் லீ’யில் அவள் வெளியே வருவதே இல்லை. அவன்தான் இரவெல்லாம் கடலோரக் கல்லறைக்குள் போய் அவள் பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். தாலாட்டுப் போன்ற சந்தத்தில் இதைச் சொல்வதால் என்ன சொல்கிறார் என்பதே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும்.

சிரிப்புக்கு வருகிறேன் என்றேன். 1838-இல் ‘பிளாக்வுட்ஸ்’ பாணியைக் கேலி செய்து ஒரு கதை எழுதினார் போ. எப்படியாவது ஆபத்தில் மாட்டிக்கொண்டு, சாகும்போது தோன்றுவதைக் குறிப்பெடு என்று பத்திரிகை ஆசிரியர் ஓர் எழுத்தாளினிக்கு உபதேசிக்கிறார். அவளும் எடின்பரோவில் ஒரு கோபுரக் கடிகாரத்தின் ஓட்டையில் தலையை நீட்டுகிறாள். நிமிஷ முள் மெல்ல மெல்லக் கழுத்தில் இறங்குகிறது. கண் ஒன்று பிதுங்கி விழுந்து, கூரைக் கால்வாயில் கிடந்தபடி அவளைப் பார்த்துச் சிமிட்டுகிறது. நான்கு வருஷம் கழித்து அதே போ ‘குழியும் ஊசலும்’ எழுதுகிறார்: ஸ்பெயினின் டொலீடோ நகரச் சிறையில் கட்டிப்போட்ட ஒருவன் மேல், அங்குலம் அங்குலமாக, கத்தி கட்டிய ஊசல் இறங்குகிறது. அதே கடிகாரம்தான், கழுத்துக்குப் பதிலாக நெஞ்சு. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தான் செய்வது என்னவென்று தெரிந்த ஆள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1849 அக்டோபர் 3 அன்று பால்டிமோரில் ஒரு மதுக்கடையில், வேறு யாருடையவோ உடைகளில், பிதற்றும் நிலையில் போவைக் கண்டெடுத்தார்கள். 7-ஆம் தேதி இறந்தார். என்ன நடந்தது என்பது இன்றுவரை தீரவில்லை. அவர்மேல் பகை வைத்திருந்த பத்திரிகை ஆசிரியர் ரூஃபஸ் கிரிஸ்வோல்ட் உடனே புனைபெயரில் ஓர் இரங்கல் கட்டுரை எழுதி, பிறகு கடிதங்களையும் திருத்திப் போலியாக்கி, பைத்தியக்காரக் குடிகாரன் என்ற சித்திரத்தை நிலைநாட்டினார். அதைத் துடைக்கப் பல காலம் பிடித்தது. பிரான்சில் கவிஞர்கள் பொதலேரும் பிறகு மல்லார்மேயும் மொழிபெயர்த்து அவரைப் பெரிய கலைஞராக நிறுத்தினார்கள். ஜப்பானில் ஒருவர் எடோகாவா ராம்போ என்று அவர் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டு துப்பறியும் கதைகள் எழுதினார். இருந்தும் இன்றுகூட ‘நான்’ என்று பேசும் கொலைகாரனையும் போவையும் ஒன்றாக்கிப் படிப்பவர்கள் நிறைய.

அந்த ‘நான்’ எப்படிப் பேசுகிறான் என்று கவனித்தால் குழப்பம் தீரும். ‘காட்டிக்கொடுத்த இதயம்’ கதையில், நான் பைத்தியம் இல்லை, எவ்வளவு நிதானமாகச் சொல்கிறேன் பாருங்கள் என்றுதான் ஆரம்பிக்கிறான். கிழவரின் திரை படர்ந்த கண்ணைத் தாங்க முடியாமல் அவரைக் கொன்று, பலகைக்கு அடியில் புதைத்து, விசாரிக்க வந்தவர்களைத் தைரியமாக உட்கார வைத்து, தன் நாற்காலியைச் சரியாகப் பிணத்துக்கு மேலே போட்டுக்கொள்கிறான். பஞ்சில் சுற்றிய கடிகாரம் போன்ற அந்தத் துடிப்பு யாருடையது என்பதைப் போ சொல்லவில்லை. அவன் பேச்சில் எங்கும் தர்க்கம் பிசகவில்லை, அதுதான் கோளாறு.

ஒரே ஒரு சுவர் மட்டும் இடியவில்லை. 1846-இல் வந்த ‘அமோன்டிலாடோ பீப்பாய்’. திருவிழா நாளில், கோமாளி உடையும் மணி வைத்த தொப்பியும் போட்ட ஃபார்சுனாடோவை, நல்ல ஒயின் இருக்கிறது என்று ஆசை காட்டி நிலவறைக்குக் கூட்டிப்போகிறான் மான்ட்ரெசர். சங்கிலியில் பிணைத்து, குழைத்த சுண்ணாம்பும் கல்லுமாக வரிசை வரிசையாக அடைக்கிறான். என்ன அவமானத்துக்காக இந்தப் பழி என்பது கடைசி வரை வெளிவரவில்லை. ஐம்பது வருஷமாக அந்த எலும்புகளை யாரும் தொடவில்லை என்கிறான். கச்சிதமான கொலை, மாட்டவே இல்லை.

ஆனால் ஐம்பது வருஷம் கழித்து அதை யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறான். என் ஆன்மாவை நன்றாக அறிந்த நீங்கள் என்று ஆரம்பத்தில் ஒருவரை விளிக்கிறான். அவர் பாதிரியாரா, நாமா, தெரியாது. கடைசிக் கல்லை வைப்பதற்கு முன், இடுக்கு வழியே உள்ளே தீப்பந்தத்தைப் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பதிலாக மணிகளின் கிணுகிணுப்பு மட்டும் வருகிறது. அதைக் கேட்டு நெஞ்சு என்னவோ செய்தது என்கிறான். நிலவறையின் ஈரம் காரணம் என்று உடனே சேர்த்துக்கொள்கிறான்.